குடும்பப்பெயர்: மாதையன்

கல்லாவி பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் மூன்று தீர்த்தகிரிகள் இருந்தோம். தீர்த்தமலை பக்கத்தில் இருக்கும்போது அதில் வியப்பில்லை. ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் இடையே ஓடும் எந்த பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். வாத்தியார் இனிஷியலோடு சேர்த்துத்தான் வருகை எடுப்பார்: கோ. தீர்த்தகிரி, சி. தீர்த்தகிரி, மா. தீர்த்தகிரி. 'மா' நான். அப்பா மாதையன். மானாவாரியில் நிலக்கடலை போடுவார். வரப்போரம் கொஞ்சம் மாமரங்கள். தன் பெயரின் முதலெழுத்து என் பெயருக்கு முன்னால் நிற்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு வேலை வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

டிப்ளமா முடித்து ஒசூர் சிப்காட்டில் டூல்ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லை ஊரில் ஒரே ஷிஃப்டில் மூன்று மொழி கேட்கும். எங்கள் முனியப்பன் கன்னடக்காரர் வாயில் முனியப்பா ஆவார். மாதையன் மாதய்யா ஆவார். கடைசி எழுத்து உதிர்ந்தாலும் ஆள் முழுசாக இருந்தார். யாரும் இதற்காகப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கூப்பிட்டவர்களும் மாற்றச் சொல்லவில்லை.

2003-இல் ஜெர்மனிக்குப் போனேன். ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு தொழிற்சாலை. முதல் வாரமே மேற்பார்வையாளர் நல்ல மனதோடு கேட்டார்: உன்னை எப்படிக் கூப்பிடுவது? அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். கிரி என்றால் பாதிதான் நான். டிம் என்றால் நானே இல்லை. தேயோ சரியாக வந்தது. தெயோடோர் என்ற அவர்கள் பெயரின் செல்லச் சுருக்கம். ஆங்கில எழுத்தில் என் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும் அதில் அப்படியே இருந்தன. மறுநாளிலிருந்து நான் தேயோ. அந்தப் பெயர் எனக்கு நல்லதே செய்தது. தேயோவைப் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தார்கள், வீடு மாற்றும்போது தேயோவின் அலமாரியைத் தூக்க வந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர்மேல் எனக்கு மனக்குறை கிடையாது.

பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். ராசிபுரம் கிருஷ்ணசாமி நாராயணசாமியின் முதல் நாவல் 1935-இல் லண்டனில் வெளியானபோது, ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனின் யோசனைப்படி அவர் ஆர்.கே. நாராயண் ஆனார். சிகாகோவில் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் எல்லோருக்கும் சந்திரா. 1999-இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கும் அந்தச் சுருங்கிய பெயர்தான். ஆனால் என் மனசில் அதிகம் நிற்பவர் என் பெயர்க்காரர். தீரன் சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. கொங்கு நாட்டிலிருந்து மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் உள்ள சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்' என்றாராம். 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் வெள்ளைக்காரன் தூக்கிலிட்டான். அவரும் புதுப்பெயர் வைத்துக்கொண்டவர்தான். ஆனால் ஆள வந்தவனுக்குச் சொல்ல வேண்டிய பெயரைத் தன் மண்ணின் இரண்டு மலைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார்.

தேயோ தொழிற்சாலைக்குள் மட்டும்தான். வெளியே நான் 'ஹெர் மாதையன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. வங்கி, டாக்டர், வீட்டுக்காரர் எல்லோருக்கும் நான் மாதையன். அங்கே அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் குடும்பப்பெயரை ஒட்டினால்தான் தபால் வரும். கதவு எண்ணை எழுதிப் பயனில்லை. முதல் வீட்டில் அந்தச் சின்னத் தகட்டில் அப்பா பெயரை எழுதி, பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தியபோது கை நடுங்கியது. கல்லாவியில் எங்கள் வீட்டுக் கதவில் பெயரே கிடையாது.

மகள் பிறந்தபோதுதான் அந்தக் கட்டத்தின் கனம் புரிந்தது. நம் வழக்கப்படி அவள் 'தீ' என்ற இனிஷியல் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு அப்பாவும் ஒரு தலைமுறைக்குக் கூட வந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நம் முறை. அங்கே குடும்பப்பெயர் நகராது. மகளும் மாதையன், அவள் விரும்பினால் அவள் பிள்ளைகளும் மாதையன். என் பெயர் என்னோடு நிற்கும், கடலை பிடுங்கிய கையின் பெயர் தொடரும். இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் நான் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த காரியம் இதுதான். மலேசியத் தமிழர்கள் இன்னும் தங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, இன்னாரின் மகன் என்று பொருள்படும் 'ஏ/எல்' போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை பழைய முறையையே காப்பாற்றி வருகிறார்கள். அவர்களை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது.

ஜெர்மனியிலேயே இதே வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. வடகடலோர ஃப்ரிசியர்கள் அப்பாவின் பெயரைத்தான் பிள்ளைக்குப் பின்பெயராக வைத்தார்கள். நெப்போலியன் ஆட்சி வந்து நிரந்தரக் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது. 2025 மே 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம் ஃப்ரிசியர்களுக்கு அந்தப் பழைய முறையைத் திரும்பக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் செய்தியைப் படித்தபோது, தூரத்து உறவில் ஒரு நல்ல காரியம் நடந்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

போன வருடம் குடியுரிமை வாங்கினேன். 2024 ஜூன் முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. இந்தியாதான் இரண்டை ஏற்காது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை. ஜெர்மனியில் சாதாரணமாகப் பெயரை மாற்றுவது கடினம். 1938-ஆம் வருடச் சட்டம் இன்றும் தக்க காரணம் கேட்கிறது. ஆனால் குடிமகனாகும்போது ஒரு வாய்ப்பு தருகிறார்கள்: எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று முடிவுசெய்யலாம், வேண்டுமானால் பெயரை ஜெர்மன் வடிவத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். பதிவு அலுவலகப் பெண் என் கோப்பைப் பார்த்துவிட்டு, "தெயோடோர் என்று எழுதிக்கொள்ளலாமே?" என்றார். வேண்டாம் என்றேன். நாட்டைக் கொடுத்தாயிற்று, பெயரையும் கொடுக்க முடியாது. தீர்த்தகிரி மாதையன், பிறந்த ஊர் கல்லாவி. புதிய பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது.

தொழிற்சாலையிலும் பழைய பெயரைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் நாக்குக்கு ஒத்திகை நடந்தது. இப்போது 'தீர்த்தகிரி' சுத்தமாக வருகிறது. முன்பு போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல, எழுத்துக்கு ஒரு பெயராக, தெயோடோர், ஹைன்ரிஷ், எமில், எமில், ரிச்சர்ட் என்று பன்னிரண்டு ஜெர்மானியர்களை வரிசையாகக் கூப்பிட வேண்டும். 2022-இல் அந்தப் பட்டியலையும் மாற்றி ஊர்ப்பெயர்களாக்கிவிட்டார்கள். ட்யூபிங்கன், ஹாம்பர்க், எஸ்ஸன் என்று ஆரம்பித்தால் நாடு முழுக்கச் சுற்றி வந்து கல்லாவிக்காரன் பெயர் முடிகிறது. ஆள் பெயராகட்டும், ஊர்ப் பெயராகட்டும், அவர்கள் பொறுமையாக எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் முதல் வாரமே கேட்டிருக்கலாம் என்று இப்போது போகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் வந்தான். ஒசூரில் வேலை பார்க்கிறான், வெளிநாட்டுக்கு முயற்சி பண்ணுகிறான்.

"மாமா, ரெஸ்யூமேல சாம்னு போட்டுக்கட்டுமா? அவங்களுக்கு ஈசியா இருக்கும்ல?"

"அவங்களுக்கு ஈசி ஆகறதுக்கு ரெண்டு மாசம் போதும்ப்பா. உன் பேர முழுசா போடு."

"பாஸ்போர்ட்ல?"

அதுதான் முக்கியம் என்றேன். ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று 'எஃப்.என்.யூ' போட்டுவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதி இல்லை என்றது; பிறகுதான் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அதோடு, குடும்பப்பெயர்க் கட்டத்தில் இன்றைக்கு அவன் எழுதுவது நாளைக்கு அவன் பேரப்பிள்ளைகளின் வீட்டு வாசலில் இருக்கும்.

அவன் அப்பா பெயர் ஆதாரில் 'சாமி' என்றும் ரேஷன் கார்டில் 'ஸ்வாமி' என்றும் இருக்கிறதாம். "பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா, அதையே எல்லாத்துலயும் போடணும்" என்றேன். பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.