3.3 கோடி டன்னுக்கு எந்தத் தொட்டி?

நம் சர்க்காருக்குச் சுத்தத்தின் மேல் அபாரப் பிரியம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளைப் படியுங்கள். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டின், தீர்ந்த பேட்டரி, ஃபியூஸ் போன டியூப்லைட், காலாவதியான மாத்திரை, ஊசி எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்றன அவை. மற்ற குப்பையோடு கலக்காமல், 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என நகராட்சி அமைக்க வேண்டிய மையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்லின. நல்ல விதி. டியூப்லைட் உடைந்தால் அதன் பாதரசம், வெறுங்கையால் குப்பை அள்ளும் பெண்ணின் மூச்சில்தான் முதலில் ஏறும்.

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தாய்மார்களும் விதிக்குக் கட்டுப்படத் தயார். ஒரே ஒரு சந்தேகம். பங்குனிக் காற்று கிளம்பினால், சுரங்கச் சக்கை குவிந்த சயனைடு மேட்டு மண் மாவுபோலப் பறந்து வந்து குடத்திலும், சோற்றுப் பானையிலும், கொடித் துணியிலும் படிகிறதே, அதை எந்தத் தொட்டியில் போடுவது?

"வீட்டில் உண்டாவதுதான் வீட்டுக் கழிவு" என்பார் அதிகாரி. வாஸ்தவம். "சயனைடு எப்போதோ சிதைந்துவிட்டது" என்றும் தேற்றுவார். மேட்டுத் தூளில் உள்ள சிலிக்கா சிதையுமா, ஐயா? அந்தத் தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸுக்கு 1940-லேயே மைசூர் சமஸ்தானம் விதி போட வேண்டியிருந்த ஊர் இது!

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பாறையை இடித்துத் தூளாக்கி, பின்னாளில் சயனைடு கரைசலில் ஊறவைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு சக்கையைக் கொட்டினார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு நம் சர்க்காரும் அதையே செய்தது. மிச்சம் 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். 2001 பிப்ரவரி 28 அன்று அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸைப் பூட்டியபோது தொழிலாளியை வெளியேற்றினார்கள். மேட்டை வெளியேற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டார்களா? 2012-இல் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில், அணுக்கழிவைக் கோலார் சுரங்கத்தில் புதைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுத் தரப்பு சொன்னது. ஊர் கொதித்ததும், அப்படி ஒரு யோசனையே இல்லை என்று பின்வாங்கினார்கள். ஊரே குப்பைத் தொட்டி என்றால் வீட்டுக்கு ஒரு தொட்டி எதற்கு?

2024 ஜூனில் மேடுகள் மேல் திடீர்க் கரிசனம். அவற்றை மறுபடி தோண்ட கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. எங்கள் இருமல் கேட்டா? சக்கையில் இன்னும் தங்கம் இருக்கிறதாம்! எங்கள் நெஞ்சிலும் அதே சக்கைதான் படிந்திருக்கிறது. அதற்கும் ஒரு டெண்டர் விடுங்கள்.

எங்கள் பேட்டரியை நாங்கள் பிரித்து வைக்கிறோம். உங்கள் மேட்டை நீங்கள் அள்ளுங்கள். தங்கத்தை எடுத்துக்கொண்டு சக்கையை மறுபடி எங்கள் வாசலிலேயே கொட்டினால், அபராதச் சீட்டை இந்த முறை நாங்கள் எழுதுவோம்.