பாடாலூர்த் தட்பவெப்பத்தில் மின்சோக்கின் நடத்தை: ஒரு முன்னாய்வு

பெரம்பலூர் மாவட்டப் பாடாலூரில் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு இதுவரை நான்கு கொள்கைகள் வழங்கிவருகின்றன. பிளக்குக் கொள்கை, பெட்ரோல் பங்க் கொள்கை, கண்திருஷ்டிக் கொள்கை, ‘நேத்து நல்லாத்தானே ஓடுச்சு’ கொள்கை. நான்காவதற்கே ஆதரவாளர் மிகுதி. கார்புரேட்டரின் விலாவில் மூன்று திருகாணிகளால் பிடித்துவைக்கப்பட்டிருக்கும் கருப்பு வட்ட மூடியை, அதாவது மின்சோக்கை, யாரும் கூண்டில் ஏற்றியதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை: வடக்கே சிறுவாச்சூர், தெற்கே சிறுகனூர், மேற்கே செட்டிகுளம், கிழக்கே சாத்தனூர்க் கல்மரம். மாவட்ட எல்லையை ஆய்வெல்லையாகக் கொள்ளலாம் என்றால் அது நிலையாக நிற்பதில்லை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. எந்தச் சோக்குத் தகடும் இப்படித் திறந்து மூடித் திறந்ததாகப் பதிவில்லை.

கல்மரத்தை எல்லைக்கல்லாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு உலகுக்குச் சொன்ன அந்த மரம், இங்கே கடல் இருந்த காலத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்து கல்லானது. வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு. கார்புரேட்டரும் அதே வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் அதைக் காண்பது அரிது. பெட்ரோலும் பழங்கடல் உயிர்களின் மிச்சம்தான். ஆகவே பாடாலூரில் ஒரு கார்புரேட்டர் மக்கர் பண்ணும்போது, கடல் போன இடத்தில் நின்றுகொண்டு கடலின் மிச்சத்தைப் பற்றவைக்கத் திணறுகிறோம் என்பதை ஆய்வாளர் மனத்தில் இருத்த வேண்டும். இருத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்றால், ஆகாது.

ஆய்வுப்பொருள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஷெட்டில் நிற்கும் பழைய பெட்ரோல் கார். கம்பெனிப் பெயர் ஆய்வறம் கருதி மறைக்கப்படுகிறது. முன்புறச் சின்னம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால் மறைப்பதும் எளிது.

முன்வரலாறு சுருக்கமாக. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. உலோகச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். எனவே சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்னும் எடைக்கணக்கு அப்போது செல்லாது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் டேஷ்போர்டில் இருந்த குமிழை இழுத்து இதைச் செய்தார்கள். இழுத்தவர் திருப்பித் தள்ள மறந்தால் ஊர் முழுக்கக் கரும்புகை. மனித மறதியை ஒழிக்க வந்தது தானியங்கிச் சோக்கு. வோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1970-இன் தூயகாற்றுச் சட்டத்துக்குப் பிறகு, சோக்கு எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ அவ்வளவு புகை குறையும் என்பதால், அதற்கு மின்சாரச் சூடும் கொடுத்தார்கள்.

மின்சோக்கின் கருப்பு மூடிக்குள் இருப்பது இரட்டை உலோகச் சுருள். குளிரில் காற்றுவழித் தகட்டை மூடும். சூடேறினால் விட்டுக்கொடுத்துத் திறக்கும். சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் உள்ளே போய்ச் சூடேற்றுகிறது. சில நிமிடங்களில் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சுருளுக்கு மூளை கிடையாது, கடிகாரமும் கிடையாது. கரண்ட் வந்தால் திறக்கும், வராவிட்டால் பாதி மூடிய கண்ணோடு நாள் முழுக்க எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும்.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. இத்தகைய சுருள்கள் குளிர்நாட்டை நினைத்து வடிவமைக்கப்பட்டவை. பாடாலூரில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். சித்திரை நண்பகலில் எஞ்சினைத் தொடாமலே சுருள் பாதி திறந்து கிடக்கும். ஆகவே நண்பகலில் நின்றுபோன வண்டிக்குச் சோக்கைத் திட்டுவது அநியாயம். அது பெரும்பாலும் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவி அடைத்துக்கொண்ட கேஸ். பம்பின்மேல் ஈரத்துணி போடும் நம் பழைய வைத்தியம் இதற்குச் சரியானதே. சோக்கு குற்றவாளியாவது விடியலில் மட்டும்.

அதுவும் பெரும்பாலும் குற்றவாளியல்ல, சாட்சி. ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்துவிட்டுப் பார்க்க வேண்டும். மிதிக்காமல் பார்த்துவிட்டுச் ‘சோக்கு மூடவில்லை’ என்று தீர்ப்பு எழுதுவோர் ஏராளம். தகடு மூடியிருந்தால் சாவியைத் திருப்பிக் காத்திருக்கலாம். சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் கரண்ட் வரும். மூடியில் சூடு தெரியவில்லையா, டெஸ்ட் லேம்ப். பேட்டரியின் மைனஸில் கிளிப்பை மாட்டிச் சோக்கின் ஒயர் முனையில் தொட்டால் எரிகிறதா? எரியாவிட்டால் ஃபியூஸ் அல்லது ஒயர். எரிந்தும் சூடில்லை என்றால் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் காரில் எர்த் போன வழி ஆய்வுலகுக்குப் புதிது. ஆயுத பூசைக்காகக் கார்புரேட்டர் முழுவதற்கும் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூடியைப் பிடிக்கும் வளையம் கார்புரேட்டர் உடம்பைத் தொடுகிறது, ஆனால் நடுவே பெயிண்ட். சந்தனப் பொட்டு மட்டும் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொரு மரபு, தகட்டின் அச்சில் எஞ்சின் ஆயில் விடுவது. மக்காச்சோளம் காயும் ரோடும் கல்குவாரித் தூசியும் உள்ள ஊரில், ஆயில் தூசியைப் பிடித்து அச்சை இறுக்கிவிடும். பெட்ரோலில் கழுவி உலரவிட்டால் போதும். கரண்ட் வரவில்லையென்று இக்னிஷன் காயிலிலிருந்து இழுத்துக்கொடுப்போரும் உண்டு. சோக்கு குடிக்கும் கரண்ட் தீப்பொறிக்குக் குறையும். ஸ்டார்ட் ஆகி, கரும்புகை கக்கி உடனே அணைந்தால் மூடியை விட்டுவிட்டு, தகட்டைச் சற்றே இழுத்துத் திறக்கும் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் திருகாணிகளைத் தளர்த்தி மூடியை ஒரு கோடு அளவு திருப்பலாம். நம்மவர் வேலையை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

உள்ளூர் மெக்கானிக் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். அவர் அந்த ஆசிரியரிடமே படித்தவர். “சார், ஒரு செம்புக்கம்பி போட்டு இழுத்துக் கட்டிட்டா ஜென்மத்துக்கும் தொல்லையில்ல.”

“ஏம்ப்பா, மார்கழியில?”

“மார்கழியில ரெண்டு மிதி கூட மிதிங்க சார்.”

மறுப்பதற்கு இவ்வாய்வாளரிடம் சான்று இல்லை. மேற்கண்ட தட்பவெப்பக் கணக்கு மெக்கானிக் பக்கமே நிற்கிறது. ஒரே ஒரு திருத்தம் உண்டு. கட்டிய பிறகு கழற்றிப்போட்ட சோக்கு ஒயர் முனைக்கு டேப் சுற்ற வேண்டும். அது பாடியில் உரசினால் ஃபியூஸ் போகும். இந்தக் காரில் அதே ஃபியூஸில்தான் ஹார்னும் இருக்கிறது. சென்னை–திருச்சி நாற்கரச் சாலையில் ஆம்னி பஸ்ஸுக்கு முன்னால் ஹார்ன் இல்லாமல் ஏறுவது தனி ஆய்வுக்குரியது. அதற்கு இவ்வாய்வாளர் முன்வர மாட்டார்.