தூசிக்கு நோ என்ட்ரி!

*கல்லூரி மாணவர், திருச்செங்கோடு: ஏர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு கோன் ஃபில்டர் மாட்டினால் என் 150 சிசி பைக் பறக்கும் என்கிறான் நண்பன். மாட்டட்டுமா?*

பறக்கப்போவது அப்பா காசு. கோன் மாட்டியதும் சத்தம் கூடும். வேகமும் கூடிவிட்டதாகக் காது சொல்லும், ஸ்பீடோமீட்டர் சொல்லாது. எஞ்சின் காற்றைச் சீராக இழுப்பதில்லை. விட்டுவிட்டு வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுப்புக்குக் காற்றைத் தயாராக வைத்திருக்கத்தான் அந்த பிளாஸ்டிக் டப்பா. அதைத் தூக்கினால், டவுனுக்குள் ஓட்டும் வேகத்தில்தான் பெரும்பாலும் முதலில் இழுவை குறையும். கார்புரேட்டர் வண்டியென்றால் காற்றுக்கேற்ற பெட்ரோல் போதாமல் திணறும். ஜெட் மாற்ற வேண்டிவரும். எஃப்.ஐ. வண்டி கொஞ்சம் சமாளிக்கும். போதாததற்கு, கோன் எஞ்சினை ஒட்டியே தொங்குவதால் சூடான காற்றைத்தான் குடிக்கும். மழை நாளில் தண்ணீரையும்.

*குவாரி ஊழியர், கரூர்: தினமும் எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் போகிறவன். கழுவிக் கழுவிப் போடும் துணி ஃபில்டரா, கம்பெனி பேப்பர் ஃபில்டரா?*

பேப்பர். யோசிக்கவே வேண்டாம்.

கணக்கு இது: 150 சிசி எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 3,000 முறை மூச்சு இழுக்கிறது. முழு த்ராட்டிலில் கிட்டத்தட்ட 450 லிட்டர் காற்று. தண்ணீர் கேன் கணக்கில் இருபத்திரண்டு! உங்கள் ரோட்டில் அதோடு கல்தூளும் சேர்ந்து வரும். அதிலுள்ள குவார்ட்ஸ், சிலிண்டர் இரும்பைவிடக் கடினம். பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் வண்டி ஆயில் குடித்து நீலப் புகை விடும்.

துணி ஃபில்டர் மோசமில்லை. அதைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அதற்கான ஆயிலை அளவாகத் தடவும் பொறுமைசாலிகளுக்கு நல்லது. அதில் கொஞ்சம் தூசி நுழைந்தாலும், ரேஸ்காரர்கள் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள், அவர்களுக்குக் கவலையில்லை. நீங்கள் பிரிப்பீர்களா? ஆசை விடவில்லையென்றால், ஏர்பாக்ஸுக்குள்ளேயே பொருந்தும் துணி ஃபில்டராக வாங்குங்கள்.

*தபால்காரர், மன்னார்குடி: ஒவ்வொரு சர்வீஸிலும் பழைய ஃபில்டருக்கே ஏர் அடித்து மாட்டிவிடுகிறார் மெக்கானிக். சரியா?*

ஃபில்டர் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது ஆயிலில் ஊறிய ரகம்; ஏர் அடிக்கக் கூடாது, மாற்ற மட்டும்தான். எத்தனை கிலோமீட்டருக்கு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் (யாரும் திறக்காத அந்தப் புத்தகம்தான்). புழுதி ரோடு என்றால் அதற்கு முன்பே மாற்றுங்கள். உலர்ந்த பேப்பராக இருந்தால், உள்ளிருந்து வெளியே, சற்றுத் தள்ளி வைத்து, மெதுவாக அடிக்கலாம்.

ஒரு சோதனை: ஃபில்டரைக் கழற்றியதும் எஞ்சின் பக்கத்துக் குழாயின் உள்ளே விரலால் தடவுங்கள். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால், ஃபில்டர் கிழிந்திருக்கிறது அல்லது ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை. புது ஃபில்டரையும் கோணலாக மாட்டினால் இதே கதிதான்.

*ஆர்.எக்ஸ். 100 பித்தர், காரைக்குடி: ஃபோம் ஃபில்டரை பெட்ரோலில் கழுவலாமா?*

தீயணைப்பு நிலையம் பக்கத்திலா? வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும். துணிபோல முறுக்கிப் பிழியாமல் அமுக்கி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஆயில் ஊற்றி, மிச்சத்தை அமுக்கி வெளியேற்றுங்கள்.

*பெயர் வேண்டாம், ஆம்பூர்: ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் என்ன கூடும்?*

மெக்கானிக்குக்கு வருமானம்.