டைரக்ட் கொடுப்பவர்

தெருவுக்கு ஒருவர் என்ற கணக்கில் தமிழ்நாட்டில் தவறாமல் காணப்படும் 'டைரக்ட் கொடுப்பவர்' என்னும் இனத்தாருக்கு, ஓடாத கருவி எதுவாயினும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. சட்டைப்பையில் செருகிய டெஸ்டரும் பல்லால் தோலுரித்த இரண்டங்குல ஒயரும் அவர்களுடைய முழு வைத்தியசாலை.

இவர்களது புலமை உச்சம் தொடுமிடம் மின்சார ரைஸ் குக்கரின் அடிவயிறு. அங்கே கண்ணாடியிழை உறைக்குள் வெப்ப உருகி ஒன்று படுத்திருக்கும். சாதாரண உருகி மின்னோட்டம் மிகும்போது அறுபடுவது. வெப்ப உருகியோ தன்னைச் சூழ்ந்த சூட்டைக் கவனிப்பது. அச்சூடு குறித்த எல்லையை, குக்கர்களில் பெரும்பாலும் 170 முதல் 190 டிகிரி செல்சியஸுக்குள் அமைவதைத் தாண்டினால், உள்ளிருக்கும் குளிகை உருகி, அது தாங்கியிருந்த சுருள்வில் தளர்ந்து, தொடுமுனை விலகிச் சுற்று துண்டிக்கப்படுகிறது. ஆறிய பிறகு உயிர்த்தெழும் வழக்கம் அதற்கில்லை. காவற்காரன் செத்துக் கிடந்தால் திருடனைத் தேடுவது உலக இயல்பு. டைரக்ட் கொடுப்பவரோ காவற்காரனை அகற்றிவிட்டு, அவன் நின்ற இடத்தில் ஒயரைக் கட்டி, கதவை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிடுகிறார்.

திருடன் பெரும்பாலும் ஒரு சோற்றுப் பருக்கைதான். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி ஏறத்தாழ 100 டிகிரியில் நிற்பதும், தண்ணீர் வற்றிச் சூடு சற்று ஏறியதும் நடுவிலுள்ள காந்தம் பிடிப்பை இழந்து சுவிட்சை விழச் செய்வதும், பாத்திரம் தட்டின்மேல் பொருந்தி உட்கார்ந்தால்தான் நடக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி பானைக்குள் இருக்கும் சோற்றைப் பற்றியது. பானைக்கு வெளியே தட்டில் ஒட்டிக் காய்ந்த ஒரு சோறு பாத்திரத்தைச் சாய்த்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் தட்டிலேயே தேங்கச் செய்து, உருகியின் உயிரையும் வாங்கிவிடும். தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூடு, ஒட்டிக்கொண்டு விலக மறுக்கும் சுவிட்ச் முனைகள், எல்லைக்கு அருகிலேயே பல்லாண்டு வெந்து களைத்த குளிகை என வேறு காரணங்களும் உண்டு. எதைக் கேட்டாலும் அவருடைய விடை, "வோல்டேஜ்தான்கா" என்பது.

வீட்டம்மாள் பிடிவாதமாகப் புது உருகி வாங்கித் தந்தாலும் அது பிழைப்பதில்லை. கால்களை மூக்குக் குறட்டால் கவ்விச் சூட்டை வடிக்கவோ, ஈயமே வைக்காமல் உலோகக் குழலால் நசுக்கி இணைக்கவோ அவருக்குப் பொறுமை ஏது? 300 டிகிரிக்கு மேல் காய்ந்த சால்டரிங் கோலை உடலருகே நிதானமாக அழுத்தி, மாட்டும்போதே அதைக் கொன்றுவிட்டு, "டூப்ளிகேட் சரக்கு" என்று சான்றிதழும் தந்து, பழையபடி ஒயரைக் கட்டுகிறார்.

மறுநாள் சோறு அடிபிடித்து, தட்டு நீலம்பாய்ந்து, பிளாஸ்டிக் வாடை கூடம்வரை வரும்போது அழைக்கப்படும் அவர், மூடியைத் திறந்து முகர்ந்து, நீண்ட யோசனைக்குப் பின், "அரிசி புதுசுக்கா" என்று தீர்ப்பளிக்கிறார். தட்டின் ஓரத்தில் அந்தப் பருக்கை, இப்போது கரியாகி, அப்படியே ஒட்டியிருக்கிறது.