சர்வர் அண்ணாச்சி

திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயர்: நிளா, பம்பா, பெரியாறு, பவானி, தேஜஸ்வினி. 1990இல் தொடங்கிய இந்தப் பார்க்கில் கோடு எழுதுகிறவர்களைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் ரயிலேறி வந்து கணினி சர்வர்களைக் கவனிக்கிற சர்வர் அண்ணாச்சியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை. தன் பெயர் நாலு பேர் வாயில் அடிபட்டால் எங்கோ எதுவோ படுத்துவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப் மூடியில் டெபியன் லினக்ஸின் சிவப்புச் சுழி ஒட்டியிருக்கும். மேலதிகாரியிடம் மலையாளம், கேன்டீனில் குமரித் தமிழ், சர்வரிடம் மட்டும் ஆங்கிலம். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கிவைத்தபோது தானும் கூட்டத்தில் நின்றதாகச் சொல்வார். இப்படிச் சொல்லும் அண்ணாச்சிமார்களை எல்லாம் எண்ணினால் அன்றைக்கு சென்ட்ரல் ஸ்டேடியமே போதாது! அதே ஆண்டு ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4இல்தான் ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸலின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் வந்தது. அண்ணாச்சி அதைப் படித்தார், பிடித்தார், விடவில்லை.

விதி, அப்டேட் உருவத்தில் வரும்.

“சேட்டா, சர்வர் கிட்டுன்னில்ல.”

“என்ன செய்தே?”

“ஒன்னும் செய்தில்ல. அப்டேட் மாத்ரம்.”

“அது போதாதாடே மக்கா?”

அதற்குள் அறையில் தீர்ப்பு வந்திருக்கும்: ஃபயர்வால்தான். நெட்வொர்க் கார்டின் கணக்கில் ‘டிராப்’ என்ற எண் ஏறுவதை ஒருவர் பதறிப்போய்க் காட்டுவார். ஃபயர்வால் தடுக்கும் பேக்கெட் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. கெர்னலுக்குப் புரியாத புரோட்டோகாலில் வரும் குப்பைகூட அதில் ஏறும். இதை அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் விளக்குவார். ஒருவரும் கேட்பதில்லை. “ஆஃப் பண்ணிப் பார்த்தா என்ன?” என்று மேனேஜர் கேட்பார். அதற்குப் பதில் கிடையாது, ஒரு பார்வைதான்.

பிறகு அவர் வேலையைத் தொடங்குவார். முதல் கேள்வி: உடனே மறுக்கிறதா, காக்க வைக்கிறதா? ‘ரிஜெக்ட்’ என்ற விதி பதில் சொல்லித் திருப்பி அனுப்பும். ‘டிராப்’ வாயே திறக்காது, கேட்டவர் நேரம் முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். அடுத்து டிசிபிடம்ப் என்ற கருவி. உள்ளே வரும் பேக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். அங்கே தெரிகிற பேக்கெட் அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ஆள் நடுவழியில் பிடிபட்டிருக்கிறான். எந்த விதியின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்த்தால் யார் பிடித்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு தலைமுறை அண்ணாச்சிகளை ஆட்டிவைத்தது 2019 ஜூலையில் வந்த டெபியன் 10. ஐபிடேபிள்ஸுக்கு வாரிசாக என்எஃப்டேபிள்ஸ் 2014லேயே லினக்ஸ் 3.13இல் வந்துவிட்டது. டெபியன் 10இல் பழைய கட்டளையே புதிய இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியது. பத்மநாபசாமி கோயில் வாசலில் வேட்டி இல்லாதவரை நிறுத்தும் காவலர் ஓய்வுபெறாமலேயே பக்கத்தில் இன்னொருவரை நியமித்த கதைதான். பழைய விதிகளும் புதிய விதிகளும் ஒரே நேரத்தில் நின்றால் பேக்கெட் இருவரிடமும் தப்பியாக வேண்டும். ஒருவர் விட்டாலும் மற்றவர் நிறுத்துவார். புதியவரின் நோட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பழைய விதிகள் இருக்கின்றன, லெகசி கட்டளையைப் போட்டுப் பார் என்று கணினியே ஒரு வரி எச்சரிக்கும். அதைப் படிக்கும் ஒரே ஜீவன் அண்ணாச்சி.

இது இல்லையென்றால் வேறு: அப்டேட்டுக்குப் பிறகு ஈத்ஜீரோ என்ற கார்டுக்கு நீளமான புதுப்பெயர் வந்திருக்கும், விதிகளோ இல்லாத ஈத்ஜீரோவைக் காத்துக்கொண்டிருக்கும். அல்லது கெர்னல் மாறியும் ரீபூட் செய்யாததால் ஃபயர்வாலின் மாட்யூல் கிடைக்காது.

தொலைவில் இருக்கும் சர்வரில் விதி எழுதித் தன்னையே வெளியே பூட்டிக்கொண்ட அனுபவம் இந்தக் குலத்தில் அனேகமாக எல்லாருக்கும் உண்டு. அதனால்தான் அண்ணாச்சி ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்ற கருவியைக் கொண்டாடுகிறார்: ‘சரி’ என்று நாம் உறுதி சொல்லாவிட்டால் அது பழைய விதிகளையே திரும்பப் போட்டுவிடும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, அவர் வாழ்வில் பொன்னாள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். “நான் சொன்னேன்லா?” என்று இன்றைக்கும் கேட்கிறார். அப்டேட் போடாமல் விட்டதால் திருடன் புகுந்த சர்வர்களின் கதையை மட்டும் அவரிடம் எடுக்கக் கூடாது.

குறை என்று சொன்னால் ஒன்றுதான், அதுவும் பெரியது. நூற்றுக்கணக்கான விதிகள் கொண்ட அவருடைய ஃபைலில் விளக்கமாக இருப்பது ஒரே குறிப்பு: ‘தொடாதே’. உங்கள் அலுவலகத்திலும் ஓர் அண்ணாச்சி இருந்தால், அவர் லீவு போடுவதற்கு முன் ஒவ்வொரு விதியும் எதற்கென்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அப்டேட் வைக்காதீர்கள். அவருக்கு நாகர்கோவில் ரயிலைப் பிடிக்க வேண்டும்.