நாய்கள் கொடுத்த மனு

கச்சான்காற்று தொடங்கினால் கல்முனையில் மனுசர் கருவாடாகத் தொடங்குவார்கள். மழையையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு வெறும் சூட்டை மட்டும் எங்களுக்குக் கொண்டுவருகிற காற்று அது. உதடு வெடிக்கும், முழங்கை சாம்பல் பூக்கும், வாட்ஸ்அப்பில் கொலாஜின் விற்கிற ராத்தா உயிர்பெறுவார். "ஒரு பெக்கட்ட தண்ணில கலக்கிக் குடிங்க. மூணு மாசத்துல தோல் ஈரம் புடிச்சு மினுங்கும்."

இதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, வேலை செய்யுமா என்பதல்ல. "ஹலாலா?" என்பதுதான். நியாயமான கேள்வி. கொலாஜின் மாட்டிலிருந்தும் வரும், மீனிலிருந்தும் வரும், பெயர் சொல்ல விரும்பாத மிருகத்திலிருந்தும் வரும். மீன்தான் என்று ராத்தா சத்தியம் பண்ணினார். எங்கள் சந்தையில் பூனைக்கு வீசுகிற மீன்தோல், பூப்போட்ட பெட்டியில் ஏறிக்கொண்டால் வெளிநாட்டுச் சாமான்.

வேலை செய்யுமா என்ற இரண்டாவது கேள்விக்கு 1679ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த வருடம் டெனிஸ் பபின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் ரோயல் சொசைட்டியின் பெரிய மூளைகளுக்கு ஒரு பானையைக் காட்டினார். மூடியைத் திருகி இறுக்கி, உள்ளே எலும்பைப் போட்டு, கீழே நெருப்பு வைப்பது. இன்றைய பிரஷர் குக்கருக்கு மூத்தவாப்பா. 1682இல் அதிலேயே சமைத்து அவர்களுக்கு விருந்தும் வைத்தார். மாட்டெலும்பு பாலாடைக்கட்டி மாதிரி இளகிக் கிடந்ததை, சாப்பிடப் போன ஜோன் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விடியவிடிய அடுப்பில் ஆட்டுக்கால் சூப்பு வைக்கிற எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு புதினமுமில்லை. ரோயல் சொசைட்டிக்குச் சொல்லியனுப்பத்தான் தெரியாமல் போனது.

பபின் அதோடு நின்றாரா? வீணாய்ப் போகிற எலும்பை ஜெலியாக்கி ஏழைகளுக்கு ஊட்டலாம் என்றார். அப்போது இரண்டாம் சார்ள்ஸ் மன்னனின் வேட்டைநாய்கள் கழுத்தில் மனுவைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் எலும்பில் கைவைக்காதீர்கள் என்று முறையிட்டதாக ஒரு கதை உண்டு. மனு வென்றதாம். எழுதியது நாயா, நாயின் பெயரில் வேறு யாருமா என்று விசாரிக்கக் கமிஷன் வைக்கவில்லை.

கமிஷன் வைத்தது பிரான்ஸ். அங்கே டார்சே என்ற இரசாயனக்காரர், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினை, அதாவது வெந்த கொலாஜினை, பரிஸ் ஆஸ்பத்திரிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். சர்ச்சை முற்றியதும் மஜோந்தி என்ற உடலியலாளர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. உட்கார்ந்தது, உட்கார்ந்தது, 1841இல்தான் எழும்பியது. இடையில் நாய்களுக்கு ஜெலட்டினை மட்டுமே வைத்துப் பார்த்தார்கள். அவை முகர்ந்தன, முகம் திருப்பின, பட்டினியால் செத்தன. அதை மட்டும் தின்று உயிர் வாழ முடியாது என்று குழு தீர்ப்பெழுதியது. லண்டன் நாய்களிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

பிறகு 1934. நியூயோர்க்கில் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக்கண்ணுக்குள் இருக்கும் களியிலிருந்து ஹயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் சாமான். பிற்காலத்தில் அதைச் சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். மாட்டுக்கண், சேவல் கொண்டை! பட்டியலைப் பார்த்தால் செய்வினைக்காரர் கேட்கிற சாமான் மாதிரி இருக்கிறது. இன்று அதுவும் மாத்திரையாகி ராத்தாவின் பெக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சரி, கொலாஜினைக் குடித்தால் என்ன நடக்கும்? குடல் அதை அரைத்துத் துண்டாக்கும். சில துண்டுகள் இரத்தத்தில் ஏறுவது உண்மைதான். ஆனால் கன்னத்தில் இறங்கு என்று அதற்கு யாரும் டிக்கட் கிழித்துக் கொடுப்பதில்லை. 2025இல் 'அமெரிக்கன் ஜேர்னல் ஒவ் மெடிசின்' இதழில் 23 பரிசோதனைகளை, 1,474 பேரை, ஒன்றாய்க் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தமாய்க் கூட்டினால் தோலின் ஈரம் கூடியிருந்தது. கம்பனிக் காசு வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் பலன் எதுவும் தெரியவில்லை. காசு வற்றியதும் ஈரமும் வற்றிவிட்டது.

உம்மம்மா எந்தப் பெக்கட்டையும் குடித்தவரல்ல. குளித்து உடம்பு காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுவார். 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர் 34 பேரில் சிலருக்கு அதையும் மற்றவர்களுக்கு மினரல் ஒயிலையும் தடவி ஒப்பிட்டு, ஈரம் காப்பதில் இரண்டும் சமம் என்று எழுதினார்கள். உம்மம்மாவுக்குச் சொன்னேன். "இதுக்கும் படிக்கணுமா?" என்றார்.

ராத்தாவிடம் மரியாதைக்கு ஒரு பெக்கட் வாங்கினேன். மீன்தானே என்று கரைத்துப் பூனைக்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.