சுண்ணாம்புச் சுவரும் சுழலும் பிட்டும்: துளையியலில் ஒரு முன்னாய்வு

துளைகள் மூவகைப்படும்: நினைத்த துளை, நினையாத துளை, அடுத்த அறையை எட்டிப் பார்த்த துளை. மூன்றாவது இக்காலத்து அடுக்குமாடிகளுக்கே உரியது. காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளின் சுவர்க் கனம் அதற்கு இடங்கொடாது. முதலாவது காணக் கிடைப்பது அரிது. எஞ்சியது இரண்டாவது, 8 மில்லிமீட்டருக்கென்று தொடங்கி உள்ளங்கை அகலத்தில் முடிவது. அது எதனால் நேர்கிறது? மெஷினுக்குப் பலம் போதாமையால் என்பது கடைக்காரர் மதம். பலம் மிகுந்தமையால் என்பது எம் மதம் (துளைநூல், நூற்பா 4, இந்நூல் இன்னும் இயற்றப்படவில்லை).

சான்று சுவருக்குள்ளேயே இருக்கிறது. செட்டிநாட்டுப் பூச்சு ஒற்றைப் பூச்சன்று. செங்கல் கட்டின்மேல் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் நைசாக அரைத்த சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு என்று படிப்படியாக ஏற்றி, வழவழவென்று தேய்த்து முடித்தது. கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பதும் உண்டு. மேல்தோல் இறுகியது, உள்ளே இருப்பது சிமென்ட்டைவிட இளகியது. ஹேமர் டிரில்லோ சுழல்வதோடு நில்லாமல் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை இடிக்கவும் செய்யும். கான்கிரீட்டில் அந்த இடி ஜல்லியைப் பொடிக்கும். இங்கே ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கைப் பிடித்திருக்கும் பிடியை விடுவிக்கும். ஆதலால் ஹேமர் விசையை அணைத்துவிட வேண்டும். கார்பைடு முனை வைத்த 4 மி.மீ. பிட்டில் மெதுவாகத் தொடங்கி, பிறகு 6, பிறகு 8 என்று ஏறுவதே முறை. வேண்டிய ஆழத்தில் பிட்டைச் சுற்றி ஒரு டேப் ஒட்டி, அவ்வப்போது வெளியே இழுத்துத் தூளைக் கழிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய கான்கிரீட் தூணுக்கு இவ்விதி செல்லாது. அங்கே ஹேமர் இல்லாமல் பிட்தான் தேயும்.

இங்கே காலவாராய்ச்சியாளர் ஒரு தடை எழுப்பக்கூடும். கானாடுகாத்தான் அரண்மனை 1912-இல் கட்டப்பட்டது என்பர். துப்பாக்கிப் பிடி வைத்த மின் டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது 1917. ஆகவே கட்டியவர்கள் டிரில்லை அறியார், அவர்கள் சுவரை வைத்து டிரில்லுக்கு விதி செய்வது காலவழு என்பது தடை. அற்றன்று. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் 1895-லேயே கையில் பிடிக்கும் மின் டிரில்லைச் செய்துவிட்டது. எனவே டிரில் வரும் என்று அறிந்தே, அதை எதிர்க்கத்தான் முட்டை சேர்த்தார்கள் எனக் கொள்வாரும் தோன்றலாம் (அதே நூல், இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு வராமையால் கிடைத்தற்கரியது). இதன்மேல் இரண்டு நாள் கருத்தரங்கு கூட்டலாம். மதிய விருந்து காரைக்குடிச் சமையல் என்று அழைப்பிதழில் போட்டால், கட்டுரை இல்லாதவர்களும் வாசிக்க வந்துவிடுவார்கள்.

பலமிகுதி மெஷினில் மட்டும் இல்லை. ஸ்டூலுக்குக் கீழேயும் இருக்கிறது. துளையிடும் இடத்தில் மூவர் கூடுவர்: இடுபவர், ஸ்டூலைப் பிடிப்பவர், எதையும் பிடிக்காமல் “இன்னுங் கொஞ்சம் மேலே” என்பவர். முதலிருவர் ஆய்வுக்குரியர் அல்லர். மூன்றாமவர் முகப்பில் நின்று பட்டாலையை அளப்பார், பென்சில் குறியை நம்பார், “நம்ம ஐயா படம் கோணலாத் தொங்கலாமா?” என்று வினவுவார், “ம், அழுத்துங்க தம்பி” என்று கட்டளையிடுவார். அழுத்தினால் பிட் மாட்டிக்கொள்ளும்; பிட் நின்றபின் மெஷின் சுழலும்; மெஷினோடு மணிக்கட்டும் சுழலும். பக்கப்பிடியைப் பொருத்தி இரு கையாலும் பற்றச் சொல்வது இதற்காகவே. துளை சரியாக விழுந்தால் “நான் சொன்ன இடம்” என்பார். பெயர்ந்து விழுந்தால் “இந்தக் காலத்துப் பசங்க” என்பார். பல்கலைக்கழகங்களில் இப்பதவிக்கு நெறியாளர் என்று பெயர், அங்கே அவர் பெயர் கட்டுரையின் தலையில் முதலாவதாக வரும் (விரிவு காண்க: துளைநூற் பேருரை, ஏழாம் தொகுதி, உரையாசிரியர் இன்னும் பிறக்கவில்லை, பக்க எண் கறையான் அரிக்கவிருக்கும் பகுதியில் உள்ளது).

இவ்வளவு தயங்கினால் படம் எப்போது மாட்டுவது என்பது இறுதித் தடை. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவரைச் சிதைக்காமல் மின்சாமான் பொருத்தவே லண்டன் ஒப்பந்தக்காரர் ராலிங்ஸ் ரால்பிளக்கை ஆக்கினார். அங்கும் அவசரக்காரர் இருந்திருப்பர். பாதுகாப்பு பற்றி ஒன்று மட்டும் கூறுவோம். கையுறை போட்டால் பத்திரம் என்பது பரவலான பிழை. தளர்ந்த கையுறை, தோளில் கிடக்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் சுழலும் சக் சமமாகவே பாவிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, கைக்கு உறை இல்லை. பிட் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குக. சக் சாவியைக் கழற்றுக. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடியிருக்கும் என்று கொண்டு விலகுக. மூன்றாமவரைக் காப்பி போட்டுவர உள்கட்டுக்கு அனுப்புக. அவர் திரும்புவதற்குள் 4 மி.மீ. துளை முடிந்திருக்கும் (நூற்பா 5, எழுதப்பட்டால்).